விடிய விடியத் திருவாசகம்: எங்களுக்குச் சவுண்ட் போட்டவரைப் பற்றி

மகா சிவராத்திரிக்குச் சவுண்ட் பிடிக்க ஆள் தேடும் கோயில் சபைக்காரருக்கும், என்னைப் போல ஓதும் குழு வைத்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இலங்கையின் கிழக்கே, களுவாஞ்சிகுடிக்கும் கல்முனைக்கும் இடையில், வாவிப் பக்கமாக உள்ள எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் 2026 பெப்ரவரி 15 ஆம் திகதி இரவு திருவாசக முற்றோதல் நடந்தது. அதற்கு ஒலி அமைத்துத் தந்தவர் பக்கத்து ஊர்க்காரர். கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. வீட்டு முன் விறாந்தையில் பெட்டிகளையும் வயர்ச் சுருள்களையும் அடுக்கி வைத்திருப்பார், அவ்வளவுதான் கடை. ஊரில் எல்லாரும் அவரை 'சவுண்ட் அண்ணன்' என்றே கூப்பிடுகிறார்கள். எனக்கு வயதில் தம்பி என்றாலும் இங்கே நானும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கலியாண வீட்டுக்கும் திருவிழாவுக்கும் அவரைவிடப் பெரிய பெட்டி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கோயிலில் உட்கார்ந்திருந்து ஓதுகிற வேலைக்கு, அதுவும் ஒரு முழு இரவு ஓதுகிற வேலைக்கு, எங்கள் பக்கத்தில் நான் கண்டவர்களில் இவர்தான் சரியான ஆள்.

நான் சங்கீத ரீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்லடியில் விபுலாநந்த இசை நடனக் கல்லூரியாக இருந்த காலத்தில் அங்கே படித்தேன். இன்றைக்கு அது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நிறுவகம். அதனால் காது கொஞ்சம் பொல்லாதது. ஸ்பீக்கரில் வருகிற குரல் சுருதியிலிருந்து ஒரு நூல் விலகினாலும் எனக்கு இருப்புக் கொள்ளாது. நான் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முற்றோதல் என்றால் என்ன வேலை என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருவாசகத்தில் 51 பகுதிகள், பாடல்கள் 650க்கு மேல். சிவபுராணத்தில் தொடங்கி அச்சோப்பதிகத்தில் முடிக்க வேண்டும். இடையில் நான்கு சாமப் பூசைக்கும் நிறுத்தி நிறுத்தி ஓதினால், பொழுது சாய்ந்து தொடங்கியது விடியப்புறம்தான் முடியும். எங்கள் குருக்கள் முதற் சாமத்தில் பஞ்சகவ்வியம், இரண்டாவதில் பஞ்சாமிர்தம், மூன்றாவதில் தேன், நான்காவதில் கருப்பஞ்சாறு என்று அபிஷேகம் செய்வார். ஓதுகிறவர்கள் இருபது பேரளவில். பெரும்பாலும் பெண்கள், அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகள் சிலர், ஆண்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவு. எல்லாரும் விரதம். சுடுதண்ணீர், மல்லித் தண்ணீர், இரண்டு பேரீச்சம்பழம், அவ்வளவுதான் வயிற்றில். ஒருவரும் மேடைப் பாடகர் இல்லை. வயலுக்குப் போகிறவர்கள், தையல் செய்கிறவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்.

இப்படிப்பட்ட குழு இரவு முழுக்க ஓதி முடிப்பதற்கு வேண்டியது ஒன்றுதான். ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் எந்தச் சொல்லில் மூச்சு எடுக்கிறார் என்று கேட்டால் இவர் அந்த இடத்தில் பிடித்துக்கொள்வார். அவர் களைத்தால் இவர் தூக்குவார். நித்திரை வருகிற நேரத்தில் நம்மைக் கொண்டு போவது அதுதான். ஒலி அமைப்பு இந்தச் சங்கிலியை அறுத்துவிட்டால், எவ்வளவு பக்தி இருந்தாலும் இரண்டாம் சாமத்தோடு குழு உடைந்துவிடும்.

முந்தின வருடம் எங்களுக்கு நடந்தது அதுதான். வேறு ஓரிடத்தில் பிடித்திருந்தோம், பெயர் இங்கே தேவையில்லை. அவர்கள் சந்தியில் நின்ற தென்னை மரத்தில் இரண்டு கூம்பு ஸ்பீக்கர்களைக் கட்டினார்கள். ஊருக்கெல்லாம் கேட்க வேண்டுமாம். மண்டபத்துக்கும் சந்திக்கும் நூறு மீற்றர் இருக்கும். ஒலி ஒரு விநாடியில் ஏறக்குறைய 340 மீற்றர்தான் போகும். அப்படியென்றால் நாங்கள் ஓதுகிற சொல், சந்திக் கூம்பிலிருந்து திரும்பி எங்கள் காதுக்கு வர ஒரு விநாடியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நேரம் பிந்தும். 'நமச்சிவாய வாழ்க' என்று நாங்கள் அடுத்த சொல்லுக்குப் போகும்போது முந்திய சொல் வெளியிலிருந்து வந்து காதில் மோதும். மனிதக் காது தானாகவே அதற்குக் காத்திருக்கப் பார்க்கும். ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாரும் இழுக்கத் தொடங்குவார்கள். திருச்சதகம் வந்தபோது ஓதல் நின்றுவிடுமோ என்கிற அளவுக்கு மந்தமாகிவிட்டது. பிள்ளைகள் களைத்துப்போனார்கள் என்று சபையில் சொன்னார்கள். பிள்ளைகளில் ஒரு பிழையும் இல்லை.

அதோடு எக்கோ வேறு. மிக்ஸரில் எக்கோவைத் திருகி வைத்தால் தனியாகப் பாடுகிற ஒருவருக்கு அழகாக இருக்கலாம். இருபது பேர் சேர்ந்து ஓதும்போது, அதுவும் சீமெந்துக் கூரை போட்ட மண்டபத்தில், அது சொல்லைத் தின்றுவிடும். மண்டபமே ஒரு முழக்கம் கொடுக்கும், அதன் மேல் இன்னொன்றைப் போட்டால் லகரமும் ளகரமும் ழகரமும் எல்லாம் ஒரே கூழ். மாணிக்கவாசகர் உருகி உருகிச் சொன்ன சொல் அது. கேட்பவருக்குச் சொல்லே விளங்காமல் வெறும் இரைச்சலாகப் போய்ச் சேர்ந்தால் நாங்கள் எதற்காக விழித்திருக்கிறோம்? அபிஷேகம் நடக்கிற நேரத்தில் சினிமா மெட்டுப் பக்திப் பாட்டுகளை முழுச் சத்தத்தில் போட்டதையும், நள்ளிரவுக்குப் பிறகு மைக் கூவத் தொடங்கியபோது பார்க்க ஆள் இல்லாமல் பொடியன்கள் பெட்டிக்குப் பின்னால் படுத்துவிட்டதையும் சொல்லத் தொடங்கினால் கட்டுரை முடியாது. அதை விடுவோம்.

சவுண்ட் அண்ணனை இந்த வருடம் தைப்பொங்கலுக்கு முதலே போய்க் கண்டேன். விலை பேச முதல் அவர் கேட்ட கேள்விகளைப் பார்த்துத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. "ரீச்சர், எத்தின பேர் ஓதுற? இருந்துதானே? ஒரே பக்கம் பாத்தா, எதிரும் புதிருமா?" சுருதிப் பெட்டி யார் கொண்டு வருகிறார்கள், அதை மைக்கில் விட வேண்டுமா, ஓதுகிறவர்களுக்கு மட்டும் கேட்டால் போதுமா என்று கேட்டார். மண்டபக் கூரை ஓடா சீமெந்தா என்று கேட்டார். கடைசியாக, கோயிலுக்கு அடுத்த வளவுகளில் கைக்குழந்தையோ சுகமில்லாத ஆட்களோ இருக்கிறார்களா என்றும் கேட்டார்.

அந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு காரணம் இருக்கிறது. சபைக்காரர் பலருக்கு இது தெரியாது, அதனால் இங்கே எழுதுகிறேன். ஒலிபெருக்கி போட பொலிஸ் அனுமதி வேண்டும் என்பது பொலிஸ் கட்டளைச் சட்டத்திலேயே உள்ளது. 2007 இல் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று கட்டளையிட்டது. விசேட சமய நிகழ்வுகளுக்குக் கொடுக்கலாம், ஆனால் சத்தம் போய்ச் சேரும் எல்லைக்குள் இருக்கிறவர்களின் அபிப்பிராயத்தை அறிந்த பிறகுதான். சிவராத்திரி இரவின் பெரும்பகுதி அந்த நேரத்துக்குள்தான் வருகிறது. சவுண்ட் அண்ணன் அனுமதிக் கடிதம் எழுதும் முறையைச் சொல்லித் தந்ததோடு, எங்கள் சபைச் செயலாளரைக் கூட்டிக்கொண்டு அடுத்த வளவுகளுக்கும் போய் வந்தார். "கூம்பு கட்டமாட்டம், மண்டபத்துக்குள்ள மட்டுந்தான்" என்று அவர்களிடம் சொன்னாராம். ஒருவரும் மறுக்கவில்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை உள்ள வீட்டில் அந்தப் பக்கத்து ஸ்பீக்கரைத் திருப்பி வைக்கச் சொன்னார்கள், அப்படியே திருப்பி வைத்தார். இது அவருடைய வேலையே இல்லை. கோயிலின் வேலை. எங்கள் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் ஐயாவே பிறகு அதைச் சபையில் எழுந்து நின்று சொன்னார்.

சரி, அன்றைக்கு என்ன கொண்டு வந்தார் என்று பார்ப்போம். ஒரு சின்னப் பட்டா லொறியில் எல்லாம் அடங்கிவிட்டது. மெல்லிய நெடிய ஸ்பீக்கர்கள் இரண்டு, மண்டபத் தூண்களோடு சேர்த்துக் கட்ட. மடைப்பள்ளிப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்குக் கேட்க ஒரு சின்னப் பெட்டி. ஒரு சின்ன மிக்ஸர். மைக் நான்கு. நான்கு போதுமா என்று சபைத் தலைவர் கேட்டார், அவருக்கு ஆளுக்கொரு மைக் வேண்டும் என்று எண்ணம். சவுண்ட் அண்ணன் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்தது. திறந்து வைத்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரண்டு மடங்கானால், கூவாமல் வைக்கக்கூடிய சத்தம் 3 டெசிபல் குறைந்துவிடும். எட்டு மைக் வைத்தால் எட்டும் ஸ்பீக்கர் சத்தத்தையே திரும்ப உறிஞ்சிக்கொண்டிருக்கும். நான்கை வைத்து, ஒவ்வொன்றைச் சுற்றியும் ஐந்து பேரை நெருக்கமாக இருத்தினால் குரல்கள் மைக்குக்குப் போக முதலே காற்றில் கலந்துவிடும். மைக்குகளைக் குட்டைத் தாங்கிகளில், இருக்கிறவர்களின் நெஞ்சு உயரத்துக்கு வைத்தார். வாயோடு ஒட்டவில்லை. தலைமைக் குரல் என்று எனக்குத் தனி மைக்கும் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஸ்பீக்கர் இரண்டையும் மைக்குகளுக்கு முன்னால், சனம் இருக்கிற பக்கம் பார்த்துக் கட்டினார். எங்களுக்கு ஸ்பீக்கர் சத்தம் மிகக் குறைவாகத்தான் கேட்டது, பக்கத்து ஆளின் சொந்தக் குரல்தான் காதில் விழுந்தது. எக்கோ சுத்தமாக இல்லை. அடித் தொனியைக் குறைத்து வைத்தார். ஆண்கள் குரலில் உள்ள அந்த 'ங்ங்' என்ற முழக்கம் போய்ச் சொல் முன்னுக்கு வந்தது. சுருதிப் பெட்டியை மைக்கில் விடவேயில்லை, எங்கள் நடுவில் வைத்துவிட்டார். ஐந்தரைக் கட்டையில் தொடங்கினோம். ஆண்கள் அதையே கீழ் ஸ்தாயியில் பிடித்துக்கொண்டார்கள்.

அன்றைய இரவை முழுக்கச் சொல்லப் போவதில்லை, சில இடங்களை மட்டும் சொல்கிறேன்.

திருவாசகத்தின் தொடக்கத்தில் நான்கு நீண்ட பாட்டுகள் வரும். சிவபுராணம் 95 அடி. கீர்த்தித் திருவகவல், திருவண்டப்பகுதி, போற்றித் திருவகவல் மூன்றும் அதைவிட நீளம். பிறகு நூறு பாடல் உள்ள திருச்சதகம், ஐம்பது பாடல் உள்ள நீத்தல் விண்ணப்பம். குழுவின் உயிர் தங்குவதா போவதா என்பது இங்கேதான் தெரியும். முந்தின வருடம் நாங்கள் அறுந்த இடம் இது. இந்த முறை நீத்தல் விண்ணப்பம் முடியும்போது ஒருவர்கூட எழுந்து போகவில்லை. கதி குறையவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று என் மடியில் கை வைத்துக்கொண்டு, கண் பாதி மூடியபடி, ஒரு சொல் பிசகாமல் வந்துகொண்டிருந்தது. அந்தப் பிள்ளைக்குப் பாடம் அவ்வளவு நன்றாக இல்லை என்பது எனக்குத் தெரியும். சுற்றியிருந்த குரல்களைக் கேட்டுக்கேட்டு அவற்றின் மேல் ஏறி வந்தது.

திருச்சாழலைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒருத்தி கேட்க, மற்றவள் பதில் சொல்வதாக அமைந்த பகுதி. சுடுகாட்டில் ஆடுகிறானே, புலித்தோல் உடுக்கிறானே என்று ஒருத்தி சிவனைச் சீண்டுவாள், மற்றவள் விட்டுக்கொடுக்காமல் மறுமொழி சொல்வாள், ஒவ்வொரு பாட்டும் 'சாழலோ' என்று முடியும். நாங்கள் இதை இரண்டு அணியாகப் பிரிந்து ஓதுவோம். கேள்வி பிள்ளைகளுக்கு, பதில் தாய்மாருக்கு. இதை நான் சவுண்ட் அண்ணனிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. முதல் பாட்டு முடிந்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. கேள்வி வரும்போது தாய்மார் பக்கத்து இரண்டு மைக்கையும் கொஞ்சம் இறக்குவார், பதில் வரும்போது அதை ஏற்றிப் பிள்ளைகள் பக்கத்தை இறக்குவார். முழுக்க மூடவில்லை, அரை விரல் அளவுதான். நான் ஓதிக்கொண்டே அவர் கையைப் பார்த்தேன். இரண்டு கையிலும் இரண்டிரண்டு விரல்கள், சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர்களின் மேல், கண் மிக்ஸரில் இல்லை, எங்கள் வாயில் இருந்தது. யார் மூச்சு எடுக்கிறார்கள் என்று பார்த்து, சொல் பிறக்கும் முன்னரே ஏற்றிவிடுவார். சனம் சிரித்தது, பதிலுக்குத் தலையாட்டியது. ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட ஒரு பாட்டில் உள்ள குறும்பு மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் போய்ச் சேர்ந்தது.

தூணோடு சாய்ந்திருந்த ஒரு வயதான பெத்தாவுக்குக் கண் தெரியாது. அவர் அந்தக் காலத்திலேயே திருவாசகம் பாடமாக்கியவர். இடைவேளையில் மல்லித் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது என் கையைப் பிடித்து, "இண்டைக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டிச்சு மகள்" என்றார். அவர் வாய்க்குள்ளேயே எங்களோடு முழுவதும் வந்திருக்கிறார். இதுவரை எத்தனையோ சிவராத்திரிக்கு அவர் அதே தூணடியில் இருந்திருப்பார். எனக்கு அப்போது ஒன்றும் பேச வரவில்லை.

நள்ளிரவை ஒட்டி இலிங்கோற்பவ காலப் பூசை. பிரமனும் திருமாலும் அடிமுடி தேட, அழல் வடிவாய் இறைவன் அளவிறந்து நின்றதை நினைக்கிற நேரம். திருவாசகத்தில் திருத்தோணோக்கம் என்ற பகுதியில் இதே சம்பவம் வருகிறது. அது 15 ஆவது பகுதி, பாடல்களில் ஏறக்குறைய பாதி தூரம். கதி பிசகாமல் ஓதினால் நள்ளிரவுக்குச் சரியாக அந்த இடத்துக்கு வந்து சேரலாம் என்று நான் எப்போதும் கணக்குப் போட்டு வைப்பேன். இந்த வருடம் வந்து சேர்ந்தோம். 'அரனார் அழலுருவாய்' என்ற அடியில் உள்ளே மணி அடித்தது. அந்தப் பூசைக்கு மைக் வேண்டாம் என்று முன்பே பேசியிருந்தோம். சவுண்ட் அண்ணன் எல்லாவற்றையும் மெல்ல மெல்ல இறக்கி நிறுத்திவிட்டு, தானும் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு உள்வீதிக்கு வந்து கும்பிட்டார். மணி, சங்கு, மேளம், சனத்தின் 'அரகர' மட்டும். பாட்டுப் போடவில்லை. இதற்காகவே இன்னொரு முறை அவரைப் பிடிப்பேன்.

மூன்றாம் சாமத்தில் குரல்கள் இறங்கிவிடும், அது இயற்கை. சுருதியை ஐந்துக்கு இறக்கினோம். குயிற்பத்து ஓதும்போது கரண்ட் போனது. தென்னிலங்கையையும் மண்டோதரியையும் சொல்கிற பாட்டு வருகிற இடம் அது. நம் நாட்டைப் பாடுகிறது என்பதால் எங்கள் சனம் அந்த அடியில் எப்போதும் குரலைக் கூட்டும். இருட்டு, சுவாமிக்கு முன்னால் தூண்டாமணி விளக்கு மட்டும். புத்தகம் தெரியவில்லை. பாடம் இருந்தவர்கள் விடாமல் இழுத்துக்கொண்டு போனார்கள். சவுண்ட் அண்ணன் செய்ததைக் கவனித்தேன்: முதலில் டோர்ச்சைப் பிடித்து எல்லா ஃபேடரையும் அடியில் இறக்கினார். பிறகு பொடியனை அனுப்பி ஜெனரேற்றரைப் போடச் சொன்னார். லைட் வந்த பிறகும் உடனே மைக்கைத் திறக்கவில்லை. அந்தப் பாட்டு முடியட்டும் என்று இருந்து, அடுத்த பாட்டின் இரண்டாம் அடியில் தொடங்கி, நாலாம் அடியில் முழுக்க வந்துவிட்டார். 'டப்' என்ற ஒரு சத்தம்கூட ஸ்பீக்கரில் வரவில்லை. மண்டபத்தில் நித்திரையாகக் கிடந்த குழந்தைகள் ஒன்றும் எழும்பவில்லை.

முழு இரவும் அவர் கண் மூடவில்லை என்பதையும் எழுத வேண்டும். அவரோடு வந்த பொடியனை இரண்டாம் சாமத்துக்குப் பிறகு படுக்கச் சொல்லிவிட்டுத் தானே இருந்தார். நான்காம் சாமப் பூசைக்கு முன் அச்சோப்பதிகம் முடித்தோம். விடிகிற நேரத்தில் திருப்பள்ளியெழுச்சியைத் திரும்ப ஒரு முறை, மைக் இல்லாமல் எல்லாருமாகப் பாடினோம். அதற்கும் அவர் வந்து பின் வரிசையில் நின்றார்.

இனிக் குறைகள். நல்லதை இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்லாவிட்டால் சபைக்காரர் என்னைக் குறை சொல்வார்கள்.

பின்நேரம் 3 மணிக்கு வருவதாகச் சொன்னவர் ஐந்தரைக்குத்தான் வந்தார். முதற் சாமப் பூசைக்குச் சனம் வரத் தொடங்கிவிட்டது, ஒலி சரி பார்க்க நேரம் போதவில்லை. அதனால் சிவபுராணத்தில் பிள்ளைகள் பக்கத்து மைக் ஒன்று கரகரத்தது. கீர்த்தித் திருவகவல் தொடங்கும்போதுதான் வயரை மாற்றினார். வயர்களைப் பற்றி எனக்குப் பெரிய முறைப்பாடு உண்டு. உள்வீதியைக் குறுக்கே வெட்டிப் போன வயரை ரேப் போட்டு ஒட்டவில்லை, சாக்கைத்தான் மேலே போட்டிருந்தார். பிரதட்சணம் செய்த ஒரு வயதான அம்மா தடுக்கி, நல்லவேளை மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். சிவராத்திரிக்கு இருட்டில் வீதி சுற்றுகிறவர்கள் அதிகம். இதை அவர் கட்டாயம் திருத்த வேண்டும், அவரிடமும் சொல்லிவிட்டேன். ஜெனரேற்றரைக் கிணற்றடியில் வைத்தது சத்தத்துக்கு நல்லதுதான், ஆனால் காற்று வாவிப் பக்கமிருந்து அடித்ததால் புகை மடைப்பள்ளிக்குள் வந்தது. அடுத்த முறை இடத்தை நாங்களே காட்டுவோம்.

பற்றுச்சீட்டு எழுதித் தருகிற பழக்கமும் அவருக்கு இல்லை. கோயில் கணக்குக்கு அது வேண்டும் என்று செயலாளர் கேட்டு, கொப்பித் தாளில் எழுதி வாங்க வேண்டியிருந்தது.

விலை: ஓர் இரவு முழுக்க, ஸ்பீக்கர், மைக், ஆள் கூலி, ஜெனரேற்றர் எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய் எடுத்தார். ஜெனரேற்றருக்கு எண்ணெய் கோயிலின் பொறுப்பு. முந்தின வருடம் இதைவிடக் கூடக் கொடுத்தோம். கூம்பு வேண்டும், கலர் லைட் வேண்டும், பெரிய பெட்டி வேண்டும் என்கிற சபைகளுக்கு இவர் சரிவரமாட்டார். தன்னிடம் இல்லை என்று நேராகவே சொல்லிவிடுவார், வெளியில் வாடகைக்கு எடுத்தும் தரமாட்டார். ஊருக்கெல்லாம் கேட்டால்தான் சிவராத்திரி என்று நினைக்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. கேட்க வேண்டியவர்கள் நித்திரை முழித்துக் கோயிலுக்கு வந்திருக்கிறார்கள், அவர்களுக்குச் சொல் சொல்லாகக் கேட்கட்டும்.

பிடிக்கப் போகிறவர்கள் அவரிடம் மூன்று விஷயம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். எத்தனை பேர் எப்படி இருந்து ஓதப் போகிறீர்கள், எந்தப் பூசைக்கு மைக் நிற்பாட்ட வேண்டும், சுருதி எந்தக் கட்டை. ஓதல் ஒழுங்கைத் தாளில் எழுதிக் கொடுத்தால் மிக்ஸருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்வார். நாங்கள் கொடுத்த தாளில் அவர் பென்சிலால் தானாகவே குறிப்பு எழுதியிருந்தார், சாழலுக்கு நேரே 'அம்மாமார் / பிள்ளைகள்' என்று. பொலிஸ் அனுமதிக் கடிதத்தை இரண்டு கிழமைக்கு முதலே கொடுங்கள், கடைசி நாளில் அவரை அலைக்கழிக்க வேண்டாம். வருகிற நேரத்தைப் பின்நேரம் 1 மணி என்று சொல்லுங்கள், மூன்றரைக்காவது வந்து சேருவார்.

அடுத்த மகா சிவராத்திரி 2027 மார்ச் 6, சனிக்கிழமை. அதற்கு எங்கள் சபை முற்பணம் கொடுத்துவிட்டது. மற்றக் கோயில்காரர் மார்கழித் திருவெம்பாவைக்குக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பத்து விடியற்காலையும் அவருக்கு இதுவரை வேலை ஒன்றும் இல்லை என்று சொன்னார், ஒரு சின்னப் பெட்டியும் இரண்டு மைக்கும் அதற்குப் போதும். களுவாஞ்சிகுடிச் சந்தையில் 'சவுண்ட் அண்ணன்' என்று கேட்டால் வீட்டுக்கு வழி சொல்வார்கள்.